நாற்பது அடி

வளவனூர் கரும்புத் தோட்டத்துக் கிணற்றைத் தூர்வாரி முடித்த ஞானராஜ், ஆழம் பார்க்க அடியிலேயே நின்றான். மேலே கிரேன் ஓட்டும் அவன் பெண்டாட்டி அமல்ராணி டேப்பில் கல்லைக் கட்டி இறக்கினாள்.

“நாப்பது அடி மாமா.”

டேப்பின் முனையை மேலே அவளைப் பிடிக்கச் சொல்லி, கீழே அளவை அவனே பார்த்தான். நாற்பத்தாறு.

“டேப்பு தொய்ஞ்சா ஒண்ணு ரெண்டு முன்னபின்ன வரும். ஆறா? கண்ணாடி போடு மாமான்னா கேட்டாதானே!”

மறுபடி அளந்தார்கள். அவளுக்கு நாற்பது. அவனுக்கு ஐம்பத்திரண்டு.

“அளந்தது போதும், வாளிய இறக்குடி.”

இறங்கிய வாளி பாதியிலேயே நின்றது. அண்ணாந்து பார்த்தால் அதன் அடி ஒற்றை ரூபாய்க் காசளவுக்குத் தெரிந்தது.

“இன்னும் விடு!”

“தரையில உக்காந்துடுச்சு மாமா, கயிறே தொய்யுது. ஜல்தி ஏறு.”

தொய்ந்த கயிறு விறைத்தது.

“ஏறிட்டியா? கனம் தெரியுது, இழுக்கிறேன்.”

“நான் இன்னும் ஏறலடி!” என்று அவன் கத்தினான். கிரேன் உறுமியது. காசு சிறுத்துக்கொண்டே போய், விளிம்பைத் தாண்டி மறைந்தது. மோட்டார் நின்றது.

“கைய குடு மாமா. ஆங், இப்ப சொல்லு, நாப்பதா, ஐம்பத்திரண்டா?” என்று அமல்ராணி சிரித்தாள்.

“நாப்பதுதான்டி,” என்று மேலே தன் குரலே சொல்வதை ஞானராஜ் கீழே நின்று கேட்டான்.