சீராக வந்த கார்

மண்ணரையில் என் டிங்கரிங் பட்டறை வாசலில், பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமி ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பையனுக்குச் சம்பந்தி ஊட்டுல சீராக் குடுத்த வண்டிங்க ராமரு. பழசுதான், ஆனா அடிபடாத வண்டின்னாங்க. ஒருக்காப் பாருங்க."

கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் விரல் கனத்துக்கு ஓட்டை அடைக்கும் புட்டிப் பசை, அதற்கும் அடியில் துருப்பிடித்த ஓட்டை.

"உள்ள தகடே இல்லீங்க. லேசா முட்டுனாக்கூட உக்காந்திருக்கறவன் கால் போயிரும்."

லிங்கசாமி காறித் துப்பினார். "இப்படி ஏமாத்தி வித்தவன் மனுசனாங்க?"

நான் டிக்கியைத் திறந்து பார்த்தேன்.

"இந்த டிக்கி வெல்டிங் என் கை வேலைங்க. இது நீங்க வித்த அதே பாண்டிச்சேரி நம்பர் நீலக் கார்தான். வாங்குனவங்க கலரையும் நம்பரையும் மாத்தியிருக்காங்க. விக்கறதுக்கு முன்னாடியே கதவுக்குக் கீழயும் தகடு வெக்கணும்னேன். விக்கிற வண்டிக்குப் புட்டி போதும்னு வேற பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனீங்க."

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"செரி, சம்பந்திக்குத் தெரிய வேண்டாங்க. சுரண்டுன எடத்துல மறுபடி புட்டி போட்டு விடுங்க. வித்துப்போடலாம்."

இந்தத் தடவை துப்பியது நான்.