பூக்கொடி வைத்த வெப்சைட்

வேர்க்கடலை விற்கும் அணில் தன் கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று நினைத்தது. எலியோ முயலோ தங்கள் வளைக்கு வழியை அதில் எழுதிவிட்டால் போதும், கடலை வாசலுக்கே வந்துவிடும்.

வெப்சைட் கட்டித் தரும் தூக்கணாங்குருவி இரண்டு இலவச மென்பொருள்களைக் காட்டியது.

"ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். உள்ளே எப்படிப் பின்னியிருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"பாம்புமா அக்கா?" அணிலின் வால் சிலிர்த்தது.

"பாம்பும்தான். ஆனா இதுல ஒரு ஓட்டை தெரிஞ்சா அன்னைக்கே அடைக்க நூறு பேர் இருக்காங்க. அந்த இன்னொண்ணை மூணு வருஷமா யாருமே தொடலை."

நூறு பேர் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் பார்க்க மொட்டையாக இருந்தது. யாரும் தொடாததில் ஓரமெல்லாம் பூக்கொடி படர்ந்திருந்தது.

"மூணு வருஷமா ரிப்பேரே இல்லைன்னா அதுதானே அக்கா நல்ல சரக்கு?" என்றது அணில்.

குருவி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பூக்கொடி வைத்ததையே எடுத்துக்கொண்டது.

கடை சூடுபிடித்தது. ஒரு நாள் அணில் எலியின் வளைக்குக் கடலை கொண்டுபோய்க் கூப்பிட்டது. பதில் இல்லை. முயலின் வளையிலும் சத்தமில்லை. வாசல் மண்ணில் மட்டும், நீளமாக ஏதோ ஊர்ந்து போன தடம் வழுவழுவென்று கிடந்தது.

அணில் பதறியடித்துத் தன் பொந்துக்கு ஓடிவந்து வெப்சைட்டைத் திறந்தது. பூக்கொடி வாடாமல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு ஆர்டர்:

"கடலை வேண்டாம். எல்லோர் வீட்டுக்கும் வழி இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் காணோமே?"