மொட்டைக் கொட்டகை

முடி சாமிக்குச் சொந்தம், அதில் ஓர் இழையைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்றார் கோயில் தலைவர் சாமிநாதன்.

மொட்டைக் கொட்டகை வாசலில் கைகளை விரித்துக்கொண்டு வேறு நின்றார். நான் என்னவோ உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓட வந்தவள் மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த காகித உறைகளைக் கசக்கிவிட்டேன்.

உள்ளே பலகையில் ஒரு குழந்தைக்கு மொட்டை நடந்துகொண்டிருந்தது. அடுத்து எங்கள் தோட்டத்தில் மருந்து அடிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செலண்டார் ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். முதுகில் பம்பைச் சுமந்து, மரத்தடிப் புல்லைக் கொல்லும் மருந்தை நாள் முழுக்க அடிப்பார்கள். அந்த மருந்து அவர்கள் உடம்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

ரத்தத்தில் தேடினால் கிடைக்காது, சீக்கிரம் மறைந்துவிடும். முடியில் தங்கும். இடுப்புவரை முடி வைத்திருப்பவள் தலையில் பல வருஷத்துக் கதை இருக்கும்.

ஆனால் எங்கள் பெண்கள் சும்மா கத்திரி வைக்க விடமாட்டார்கள். வேண்டுதல் என்றால்தான் தலையைக் கொடுப்பார்கள். திருவிழாவுக்கு முன்னால் சிலர் மொட்டை போடுவார்கள், சிலர் நுனியை மட்டும் வெட்டிப் பூமுடி கொடுப்பார்கள். அதனால்தான் ஆய்வுக்கு இந்தக் கொட்டகையைத் தேடி வந்தேன்.

இந்த யோசனையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையில், கோயில் சமாச்சாரம் எங்களுக்கு எதற்கு, சமூகவியலுக்குப் போ என்றார்கள். அங்கே போனால், முடியை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலையா என்று திருப்பி அனுப்பினார்கள். யாரும் கால் வைக்காத இடத்தில் ஆய்வு செய்யுங்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள்தான். செய்கிறேன் என்று போய் நின்றால், இதற்கு முன்னால் யார் செய்திருக்கிறார்கள், காட்டு என்கிறார்கள்.

இந்த இழுபறியிலேயே வருஷங்கள் ஓடின. ஒருவழியாக இந்த ஆண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது வாசலில் இவர்.

பெண்கள் எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றேன். சம்மதம் சொல்ல அது அவர்கள் முடியே இல்லை, நேர்ந்துகொண்ட நிமிஷத்திலேயே சாமியுடையதாகிவிட்டது என்றார். சாமிநாதன் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்ட நிர்வாகம் போட்டுக் கொடுத்த புதுக் கூரை எங்கள் தலைக்கு மேலே பளபளத்தது. அவருக்கு இருப்பது சாமி பயமா, நிர்வாகத்தின் மேல் இருக்கும் பயமா என்று எனக்குத் தெரியாதா?

அதையும் கேட்டுவிட்டேன். கூரை போட்டவனைக் காப்பாற்ற எதற்குச் சாமியை இழுக்கிறீர்கள் என்றேன்.

அவர் முகம் கறுத்தது. பெண்கள் பக்கம் திரும்பி, முடியைக் கொடுத்தால் சாமி குத்தம் உங்களைத்தான் பிடிக்கும், இந்த அகல்யாவுக்கு என்ன என்று என்னைக் காட்டி, நாளைக்கே பட்டணம் போய்விடுவாள் என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாரக்கணக்கில் தொழிலாளர் லயத்துக்கு நடந்து, வீடு வீடாக உட்கார்ந்து வாங்கிய சம்மதம். ஒரே பேச்சில் போய்விட்டது. முடி தண்ணீர் வாளியில் விழுந்து கலந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் அடுத்த வருஷம்வரை என்னை விட்டுவைக்கவும் மாட்டார்கள்.

வரிசையில் பாக்கியலட்சுமி அக்காவைப் பார்த்தேன். மருந்து அடிக்கும் பெண்களில் மூத்தவர் அவர்தான். முதலில் சம்மதம் சொன்னவரும் அவர்தான். இரண்டு மாதமாகப் போனை எடுக்கவில்லை. அலோர் காஜாவில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக லயத்தில் சொன்னார்கள். வேலைக்குக் கட்டுவது போலவே தலையில் கறுப்புத் துணி கட்டி, பின்னால் பெரிய கொண்டை போட்டிருந்தார். அந்த முடி ஒன்று கிடைத்தால்கூடப் போதும் என்று இருந்தது.

அவரும் குனிந்துகொண்டுதான் இருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரத்தின் உச்சம்.

குழந்தை பலகையை விட்டு இறங்கியது. முடிவெட்டுகிறவர் அடுத்தது யார் என்றார். அக்கா பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பலகையில் உட்காரவில்லை. அதைத் தாண்டி வாசலுக்கு வந்தார். எனக்கும் தலைவருக்கும் நடுவில் நின்று, கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஊசிகளைப் பிடுங்கினார்.

கொண்டை அவிழவில்லை. கறுப்புத் துணியோடு சேர்ந்து முழுசாகக் கையில் வந்தது.

துணிக்கு அடியில் முடியே இல்லை.

புற்றுநோய்க்கு ஊசி போட்டுக் கொட்டிய தலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டு மாதமாக அவர் இருந்தது மகள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் என்று புரிந்தது.

"இது சவுரி தலைவரே. வருஷக்கணக்கா தலை சீவையில கழிஞ்ச முடிய சேத்து வச்சு நானே கட்டுனது. சாமிக்கு நேந்தது இல்ல."

சாமிநாதன் விரித்திருந்த கைகளை இறக்கினார். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா சவுரியை என் கையில் திணித்தார். அவர் கோபம் என் மேல்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கொண்டு போ. தலையில இருக்கையிலேயே வந்திருக்கலாம்லா நீ."