நடு மேஜையில் வெள்ளைப் பந்து

“மறுபடியும் நடுவுலயா? ஏன்டா, வேற இடமே கிடைக்கலையா உனக்கு?”

சலூன்காரர் பல்லைக் கடித்தார். எந்தப் பக்கம் நின்றாலும் சுலபத்தில் எட்டாத இடத்தில், கோலால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து நின்றது. அங்கே அதை அனுப்பியவன் அவர் மனைவியின் தம்பி. பழைய கார் வாங்கி விற்கிறவன். எதிராளியைச் சுற்ற விட்டே பிழைக்கிறவன்.

“ஏன் மாமா, எட்டலையா? ஸ்டூல் போடச் சொல்லட்டுமா?”

வண்டியிலிருந்து விழுந்ததில் சலூன்காரரின் இடது தோள் உடைந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் மேலே எழும்ப மறுத்தது. சீப்பு பிடிக்கிற கை அது. அது எழும்பாமல் யார் தலையில் கத்தரி வைப்பது? சலூன் ஷட்டர் இறக்கியபடியே கிடந்தது. வேறு ஆளுக்குக் கடையைக் கைமாற்றி விடப்போவதாகக் காலையில்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

பூல் ஹால் நடத்தும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“எட்டாத பந்துக்குத்தானே தாங்கு கம்பு வெச்சிருக்கேன்? அதை அவருக்குக் கொடுப்பா.”

“தாங்கு கம்பைத் தொட்டா மாமா தோத்த மாதிரி. முதல்லயே பேசியாச்சுக்கா.”

“யாருக்கு வேணும் அந்தக் கம்பு?” என்று சீறினார் சலூன்காரர்.

மேஜை மேல் குனிந்து இடது கையை நீட்டினார். பாதியில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார். நெற்றி வியர்த்தது. அடித்தார். குறிவைத்த பந்து குழியின் விளிம்பில் முட்டித் திரும்பியது.

“அய்யோ பாவம்!” என்றான் மைத்துனன்.

ஆளுக்கு ஒரு மூலைக் குழி. அவரவர் குழியில் விழுந்தால்தான் அவரவருக்குக் கணக்கு. மைத்துனனின் குழி வாயில் ஒரு சிவப்புப் பந்து இப்பவோ அப்பவோ என்று நின்றது. லேசாகத் தட்டினால் போதும்.

அவன் தட்டவில்லை. மேஜையை ஒரு சுற்று சுற்றினான், ஒரு கண்ணை மூடிக் கணக்குப் போட்டான், மெதுவாக அடித்தான். வெள்ளைப் பந்து இரண்டு ஓரங்களில் இடித்து, உருண்டு, மறுபடி நடுவில் போய் நின்றது. முன்னைவிட ஒரு சாண் தள்ளி.

“உனக்கு ஜெயிக்கிறதுகூட முக்கியமில்ல! மனுஷனை வதைக்கணும், அதானே?” என்றார் ஹால்கார அம்மா.

“அவரே வாயை மூடிக்கிட்டு ஆடறார். உங்களுக்கு என்னக்கா?”

“உன் அக்காவைக் கட்டின பாவத்துக்கு உன்னையும் கட்டி மாரடிக்கணும்னு என் தலையெழுத்துடா!”

சலூன்காரர் கத்தியபடியே மேஜை மேல் சாய்ந்தார். கோபத்தில் வலி எங்கே போனதோ, கை முழங்கை மடங்காமல் நேராக நீண்டது. அடித்தார். அவர் ஜெயிக்க வேண்டிய கடைசிப் பந்து விறுவிறுவென்று ஓடி அவருடைய குழியில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

“பார்த்தியாடா? யாரு கிட்ட! நாளைக்கும் வா, உன்னை அழ வைக்கிறேன்.”

“குருட்டு அடி மாமா. நாளைக்குப் பாக்கலாம்.”

அவர் முகம் கழுவப் போனதும் ஹால்கார அம்மா வாசலைக் காட்டினார்.

“நாளைக்காவது, நாளன்னைக்காவது! உன் மாதிரி ஈவிரக்கம் இல்லாத ஆளுக்கு இங்க மேஜை கிடையாது. வெளிய போ.”

அவன் வாசல் பக்கம் நகர்ந்தான். கழுவும் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

“பிசியோ மேடம், நான்தான்... வீட்ல பயிற்சி செய்யச் சொன்னா எரிஞ்சு விழறாரே, அந்த சலூன்காரரோட மச்சினன். இன்னைக்குக் கை நீங்க சொன்ன அளவைத் தாண்டிடுச்சு மேடம்! நாளைக்கு வெள்ளைப் பந்தை இன்னும் எவ்வளவு தள்ளி வைக்கலாம்?”