கிழிந்த கீழ்க்கட்டம்

சிசுரு மரச்சட்டக் கட்டங்களில் காகிதம் ஒட்டித் தன் கையால் செய்த வராந்தாக் கதவின் கீழ்க்கட்டம், தினமும் புதிதாக ஒட்டியும் நான்காவது நாளாகக் கிழிந்திருந்தது.

"வராந்தாவுல படுக்குற உன் பூனைதான்! இன்னைக்கே யாருக்காவது குடுத்துடும்மா," என்றார் அறைக்குள் படுத்திருந்த மாமனார் தொகுஜிரோ.

"குளிருதுல்ல மாமா, பாவம்."

"நான் என்ன பூனைச் சத்திரமா நடத்துறேன்?"

சிசுரு குனிந்து கிழிசலைத் தடவினாள். காகிதத்தை வெளியிலிருந்து குத்தினால் கிழிசல் அறைக்குள் பிதுங்கும். இதுவோ வராந்தாப் பக்கம் பிதுங்கியிருந்தது.

"மாமா, இது உள்ளேயிருந்து போட்ட ஓட்டை!"

தொகுஜிரோ போர்வையை இழுத்துக்கொண்டார். போர்வைக்குள் பூனை கத்தியது.

"கதவைத் திறந்தா குளிரடிக்குதும்மா... அதான், ஒரு பூனை அளவுக்கு மட்டும்..."

சிசுரு புதுக் காகிதத்தின் மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி, அந்தக் கட்டத்தில் திரைபோல் தொங்கவிட்டாள். பூனை தள்ளினால் திறந்தது. நுழைந்ததும் தானாக மூடிக்கொண்டது.