அறைக்குப் பத்து டாலர்

கார்பெட் கழுவும் தொழில் தொடங்கியபோது அறைக்கு நாற்பது டாலர் என்றுதான் விலை வைத்தேன். ஓஹையோவில் எங்கள் சின்ன ஊரில் எனக்குப் போட்டி கிளாடிஸ் மட்டுமே. திங்கட்கிழமை தோறும் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போல அவள் கம்பெனிக்குப் போன் செய்து விலை கேட்பேன். அவள் முப்பத்தைந்து என்றால் நான் முப்பது. அடுத்த வாரம் அவள் இருபத்தைந்து.

"இப்படியே போனா, நாமளே கைக்காசு குடுத்துக் கழுவ வேண்டியதுதான்," என்றாள் மனைவி மார்சி.

"அவ முதல்ல கவிழறாளா இல்லையா பாரு!"

நான் பதினைந்துக்கு இறங்கியபின் மறுபடி போன் செய்தேன்.

"அறைக்குப் பத்து டாலர் சார்," என்றாள் கிளாடிஸ்.

"எப்படிம்மா கட்டுப்படியாகுது?" பதறிவிட்டேன்.

"எங்கே சார் ஆகுது! வாரா வாரம் விலையைக் கேட்டுட்டுப் போனை வெச்சிடறீங்க. ஜாஸ்தின்னு நினைக்கிறீங்க போலன்னு, உங்களுக்காகத்தானே குறைச்சுக்கிட்டே வர்றேன்! இன்னைக்காவது விலாசத்தைச் சொல்லுங்க சார்."

சொல்லித் தொலைத்தேன். நாளைக் காலை வருகிறாள்.

வாசலில் நிற்கும் என் கம்பெனி வேனை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?