வலிப்பட்டை

குடலிறக்க அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த செழியனிடம் நர்ஸ் வலிப்பட்டையைக் காட்டினாள். "ஒட்டிக்கிட்டா வலியே தெரியாது, பழக்கமும் ஆகாது. ஆனா ஒட்டியிருக்கிற மூணு வாரமும் அடுத்தவங்க வலியும் உங்களுக்கு உறைக்காது. வேண்டாம்னா மாத்திரை இருக்கு. அது பாதி வலிக்குத்தான் கேக்கும்."

ஒட்டுவதற்கு முன், அடுத்தவர் வலி எவ்வளவு உறைக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அவன் விரலில் கிளிப்பை மாட்டி, கதவிடுக்கில் யாரோ ஒருவரின் கை நசுங்கும் படத்தைப் போட்டாள். கிளிப்போடு இணைந்த திரையில் கோடு அசையவே இல்லை.

"ஏற்கனவே எங்கயாவது ஒட்டிட்டு வந்தீங்களா சார்?"

"எங்க அக்கா தவறிப்போனதுலேர்ந்து மாமா இப்படித்தான்," என்றாள் கொழுந்தியாள் இதழினி. அவன் இரண்டு வயது மகள் அவள் இடுப்பில் இருந்தாள். "பட்டையே இவர்கிட்ட டியூஷன் படிக்கலாம்."

இனி மரத்துப்போக என்ன இருக்கிறது என்று செழியன் பட்டைக்குக் கையை நீட்டினான். அதற்குள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய குழந்தை, கட்டில் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு வீறிட்டது. தையலை மறந்து எழுந்தவன் மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டான். அவன் முகம் வெளிறிவிட்டது.

"எங்க சார் வலிக்குது?" என்று நர்ஸ் பதறினாள்.

அவன் மகளின் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

"மாத்திரையே குடுங்க," என்றான்.